கோல்கீப்பர் சிரித்த வீடியோ

அத்தியாயம் 6

"சிரிப்பை மூடிட்டுப் பாருங்க" என்றார் மேடம், கட்டை விரலைக் கைபேசித் திரையின் நடுவில் அழுத்திக்கொண்டு.

கோல்கீப்பர் பூட்டுக்கு எரிச்சலாக வந்தது. அந்தச் சிரிப்புதானே இத்தனை நாளாக அவன் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறது? இறுதி ஆட்டம், பெனால்டி, கடைசி உதை. பந்து வலைக்குள் போகிறது. அடுத்த நொடி கோல்கீப்பரின் முகம். சிரிக்கிறான். பின்னணியில் டமடமவென்று ஏதோ இசை. அவ்வளவுதான், ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் வீடியோ முடிந்துவிடும். ஆனால் அதைப் பார்க்காத கண் ஊரில் இல்லை. எந்தப் பந்தையும் உள்ளே விடமாட்டான் என்று ரசிகர்கள் ஆசையாக வைத்த பெயர் பூட்டு. அதே ரசிகர்கள் இப்போது, 'பூட்டுக்குச் சாவி என்ன விலை?' என்று கேட்டுக் கேட்டு மகிழ்ந்தார்கள். யாரோ கல்லெறிந்து வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்த அன்று மனைவியையும் குழந்தையையும் மாமியார் வீட்டுக்கு அவனே அனுப்பி வைத்தான்.

இன்று மாலை ஒழுங்கு விசாரணை. ஆட்டத்தை விற்றான் என்று குழு முடிவு கட்டினால் ஆயுளுக்கும் தடை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு அவனுக்குச் செய்யத் தெரிந்த வேலை வேறு எதுவும் இல்லை.

"நான் சிரிக்கல மேடம். சத்தியமா சிரிக்கல. விழுந்து கெடந்தேன். மண்ணு வாய்க்குள்ள போனது ஞாபகம் இருக்கு."

"நீங்க சிரிக்கலைன்னு நான் நம்பறேன். அதனாலதான் மூடிட்டுப் பாருங்கன்னு சொல்றேன்."

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் இரண்டே பேர்தான். மேடம் முன்பு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது உருண்டையாக இருக்கும் என்பது மட்டும்தான். அவருக்கு உதவியாளன் வாலு. வாய் ஓயாது. கால்பந்து என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற ரகம். பூட்டு முதல் நாள் படியேறி வந்தபோது, "அண்ணே, நானும் உங்களைத் திட்டி ஒரு கமெண்ட் போட்டிருக்கேன், ஆனா நிறைய பேர் லைக் பண்ணல, மன்னிச்சுடுங்க" என்று வரவேற்றவன்.

பூட்டு குனிந்து பார்த்தான். சிரிப்பு மறைந்துவிட்டதால் மிச்சம் இருந்தது தோளும் கைகளும்தான்.

"முதல்ல பந்து உள்ள போற இடம். உங்க இடது கையில என்ன?"

"கேப்டன் பட்டை. கேப்டனுக்குக் கால் பிசகி ரெண்டாம் பாதியில வெளிய போனாரு. போகும்போது என் கையில மாட்டிவிட்டாரு."

மேடம் விரலை நகர்த்தாமல் வீடியோவை முன்னே தள்ளினார். "இப்ப சிரிக்கிற இடம்."

இடது கை மொட்டையாக இருந்தது. பட்டை இல்லை.

வாலு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "ஐயையோ! ஊரே பார்த்துச்சே மேடம், ஒருத்தன் கண்ணுலகூடப் படலையா?"

"ஊர் பார்த்தது சிரிப்பை. சிரிப்பு இருக்கும்போது கையை யார் பார்ப்பா?"

பட்டை கைக்கு வருவதற்கு முன்னால் எப்போதோ சிரித்த சிரிப்பு அது. அதை வெட்டி எடுத்து, கோலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். பூட்டு கைபேசியைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு முறை பார்த்தான். நிம்மதியா ஆத்திரமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"இது போதுமே மேடம்! இதையே குழுகிட்ட காட்டிடலாமே?"

"காட்டலாம். 'பட்டை கழண்டு விழுந்திருக்கும்'னு ஒரு வரில முடிச்சுடுவாங்க. அவங்க மனசுல அந்தச் சிரிப்பு ஏற்கெனவே பாய் போட்டுப் படுத்தாச்சு. எழுப்பணும்னா வெட்டாத வீடியோ வேணும். எடுத்த ஆள் யாரு?"

அதுதான் சிக்கல். அந்த லீக்கில் கேமராமேன் என்று ஒரு மனிதர் இல்லாமல் போய் வெகுநாளாகிவிட்டது. கம்பத்தின் உச்சியில் தானாக இயங்கும் கேமரா ஒன்று உட்கார்ந்திருக்கும். பந்து போகிற பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பும். அதற்கு மனிதர்கள் மேல் அக்கறை கிடையாது. கடைசி கோல் விழுந்த பிறகு வலைக்குள் சும்மா கிடந்த பந்தைத்தான் அது பக்தியோடு காட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் உயர்ந்த கைபேசிகளோ ஜெயித்தவர்கள் துள்ளிக் குதித்ததைத்தான் எடுத்தன. தோற்றவன் முகத்தை யார் எடுப்பார்கள்?

வீடியோவைப் போட்டது 'பன்னிரண்டாவது ஆள்' என்ற பக்கம். இரண்டு வருடமாகப் பூட்டைத் திட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் முகமில்லாத பக்கம். அதற்குப் பதிலடி கொடுக்க 'பூட்டு ரசிகர் படை' என்று இன்னொரு பக்கம். அதை நடத்துவது அவன் அக்கா. தூக்கம் வராமல் புரளும்போதெல்லாம் அவன் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். 'என் தம்பியைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி?' என்று அக்கா யாரையாவது கிழித்திருப்பாள். படித்தால் கொஞ்சம் கண் மூடும்.

"ஒரு விஷயம் இடிக்குது" என்றார் மேடம், காரில் ஏறும்போது. "இந்தச் சிரிப்பு ஆட்டத்துக்கு நடுவுல. அப்ப பந்து எங்க இருக்கு?"

"நான் சிரிக்கற அளவுக்கு சும்மா நிக்கறேன்னா பந்து அந்தக் கோடிலதான் இருக்கணும்."

"எல்லாரும் பந்தைப் பார்த்துட்டு இருக்கும்போது, ஒருத்தர் மட்டும் உங்களைப் பார்த்துட்டு இருந்திருக்கார். உங்களைப் பிடிக்காதவங்க எதுக்கு உங்களையே பார்க்கணும்?"

வாலு ஸ்டியரிங்கைத் தட்டினான். "கோச்! கோல்கீப்பர் கோச்! அவருக்கு வேலையே இவரைப் பார்க்கறதுதான்!"

பூட்டும் அதைத்தான் நினைத்திருந்தான். கோச்சுக்கு இரண்டாவது கோல்கீப்பர் மேல் ஒரு சாய்வு உண்டு என்று அணியில் எல்லோருக்கும் தெரியும்.

கோச் மைதானத்து ஓரம் பயிற்சிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பூட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டான் பூட்டு.

"சார், நீங்க ஒவ்வொரு ஆட்டத்துலயும் இவரை வீடியோ எடுப்பீங்களாமே?" என்றார் மேடம்.

"எடுப்பேன். லேப்டாப்ல இருக்கு. வேணும்னா பாருங்க, ஒளிக்க என்ன இருக்கு?"

"அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க."

கோச் அந்த வீடியோவைத் திரும்பப் பார்க்க விரும்பாதவர்போல முகத்தைச் சுளித்தார். பிறகு பார்த்தார். பிறகு உரக்கவே சிரித்துவிட்டார்.

"என்னையா சந்தேகப்பட்டீங்க? ஏம்மா, கால் எங்கம்மா?"

"கால்?"

"என் வேலைக்குக் கால்தான் வேணும். உதைக்கறதுக்கு முன்னாடி இவன் எந்தக் கால்ல பாரம் வெச்சிருக்கான், எப்ப அடி எடுத்து வெக்கறான், அதைப் பார்க்கத்தான் நான் வீடியோ எடுக்கறதே. தலை வெட்டுப்பட்டாலும் எனக்குக் கவலையில்ல. என் வீடியோ பூரா பாருங்க, பாதி ஆட்டத்துல இவனுக்குத் தலையே இருக்காது. இதுல கால் ஒரு இடத்துலகூட இல்ல. வெறும் முகம். எவனோ முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு எடுத்திருக்கான்."

வாலு முணுமுணுத்தான். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, அப்படி ஒண்ணும் ஆசைப்படற முகம் இல்லையே."

பூட்டு அவனை முறைத்தான். கோச்சின் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இவரைப் போய் நினைத்தோமே என்று மனதுக்குள் குட்டிக்கொண்டான்.

மேடம் அதற்குள் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கி, வீடியோவையும் மைதானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோல் விழற இடத்துல பின்னாடி ஒரு தண்ணித் தொட்டி தெரியுது. அதோ அந்தப் பக்கம். சிரிக்கற இடத்துல பின்னாடி ஸ்கோர் பலகை தெரியுது. அது இந்தப் பக்கம். ஒரே கோல்கீப்பர் எப்படி ரெண்டு கோடிலயும் நிப்பார்?"

வாலு தலையில் அடித்துக்கொண்டான். "மேடம், இதைக்கூடவா நான் சொல்லித் தரணும்? முதல் பாதி முடிஞ்சதும் ரெண்டு அணியும் பக்கம் மாறும். அந்தக் கோடில நின்னவர் இந்தக் கோடிக்கு வருவார். பெனால்டியும் இந்தக் கோடிலதான் நடந்துது. சின்னப் பிள்ளைக்குத் தெரியும்."

"இவர் மாறுவார் சரி. ரெண்டையுமே கோலுக்குப் பின்னாடி நின்னுதான் எடுத்திருக்காங்க. வீடியோ எடுத்தவர் எதுக்கு மாறினார்?"

வாலு திரும்பி அந்தக் கோடியைப் பார்த்தான்.

"டிக்கெட் வாங்கினவங்க ஒரு கோடிலேருந்து இன்னொரு கோடிக்குப் போக முடியுமா?"

"முடியாது" என்றார் கோச் மெதுவாக. "நடுவுல கம்பி வேலி. ஆட்டக்காரங்களோட வீட்டாளுங்களுக்கு நாங்க குடுக்கற அட்டை இருந்தா மட்டும்தான் சுத்தி வர விடுவாங்க." சொல்லிவிட்டு அவர் கூம்புகளைப் பொறுக்கக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த மைதானத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே அது.

பாதி ஆட்டம் முடிந்ததும், கையில் தண்ணீர் பாட்டிலும் கைபேசியுமாக, வேலியை ஒட்டி விறுவிறுவென்று மைதானத்தைச் சுற்றி நடந்து, பூட்டு நிற்கப்போகும் கோலுக்குப் பின்னால் அவனுக்கு முன்பே போய் நிற்கிற ஆள் ஒருத்திதான். அவனுடைய பள்ளிக்கூட ஆட்டங்களிலிருந்து அப்படித்தான். மற்றவர்கள் ஆட்டம் பார்க்க வருவார்கள், அவள் அவனைப் பார்க்க வருவாள். அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமாக இருந்தவள்.

"அக்கா" என்றான் பூட்டு. யாரும் கேட்காமலே சொன்னான்.

காருக்குள் உட்கார்ந்ததும் அவனே படபடவென்று பேச ஆரம்பித்தான். "அக்கா எடுத்திருப்பா. எப்பவும் எடுப்பா. அதை யாரோ திருடிட்டாங்க மேடம். அவ போனை எங்க வேணாலும் வெச்சுட்டுப் போவா, யார் கேட்டாலும் குடுப்பா. எவனோ எடுத்து அந்தப் பன்னிரண்டாவது ஆளுக்கு அனுப்பிட்டான். அக்காவுக்குத் தெரிஞ்சா துடிச்சுப் போயிடுவா."

"இருக்கலாம்" என்றார் மேடம். அந்த ஒற்றைச் சொல் பூட்டுக்குப் பிடிக்கவில்லை.

இப்போது மேடம் ஓட்ட, வாலு கைபேசியைத் தேய்த்துக்கொண்டு வந்தான். "இந்தப் பன்னிரண்டாவது ஆளுக்கு வீட்ல வேலை வெட்டி கிடையாது போல. தினம் ஒரு பதிவு. ஆனா பாருங்க மேடம், போன மழைக்காலத்துல ஒரு பத்து நாள் சத்தமே இல்ல. திட்டறதுக்கு லீவு போட்டுட்டான்."

"அந்தப் பத்து நாள் ரசிகர் படை என்ன பண்ணுச்சு?"

வாலு தேய்த்தான். நிறுத்தினான். அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "அதுவும் போடல மேடம்."

பின் இருக்கையில் பூட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். போன மழைக்காலத்தில் அக்கா காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவன் அவன்தான். கையில் ஊசி குத்தியிருந்ததால் அவளால் போனைப் பிடிக்க முடியவில்லை. அதற்காக அவள் அழுததும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. தன் பக்கம் சும்மா கிடக்கிறதே என்று அழுகிறாள் பாவம், நம் மேல் எவ்வளவு பாசம் என்று அப்போது நினைத்தான். இப்போது நினைத்தால், இரண்டு பக்கமும் சேர்ந்து சும்மா கிடந்ததற்கு அழுதிருக்கிறாள் என்று தோன்றியது.

அக்கா கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தாள். "வாடா! விசாரணைக்குக் கிளம்பாம இங்க என்ன பண்றே? சாப்பிட்டியா?" பின்னால் நின்ற இரண்டு பேரைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "யாரு இவங்க?"

கூடத்தின் நடுவில் வட்ட விளக்கு, கைபேசி மாட்டும் தாங்கி, சுவர் முழுக்க அவன் படங்கள். இந்த அறையில் உட்கார்ந்து அவன் எத்தனை தடவை மனம் விட்டுப் பேசியிருக்கிறான். மேடம் வாயைத் திறக்கப் போனவர், பூட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். கேட்க வேண்டியவன் அவன்தான் என்று விட்டுவிட்டார்.

"பன்னிரண்டாவது ஆள் யாருக்கா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? அந்த நாயைத்தானே நானும் தேடிட்டு இருக்கேன்."

"அக்கா."

சிறுவயதில் அவன் பொய் சொன்னால் அவள் இப்படித்தான் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். அக்கா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நீ நெனைக்கற மாதிரி இல்லடா. ஆரம்பத்துல நல்லதுக்குத்தான் பண்ணேன். நீ பாய்ஞ்சு பிடிச்சதை எல்லாம் போடுவேன், ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காது. ஒரு நாள் நீ கோட்டை விட்டதைத் தெரியாம போட்டுட்டேன். திமுதிமுன்னு வந்துட்டாங்கடா. அப்பதான் புரிஞ்சுது. திட்டறதுக்கு ஒருத்தன் இருந்தாதான் காப்பாத்தறவளுக்கு வேலை. நானே திட்டினேன், நானே காப்பாத்தினேன். உன் பேர் வெளிய தெரிஞ்சுது இல்ல? பெரிய கிளப் எல்லாம் உன்னைப் பார்க்க ஆரம்பிச்சாங்க இல்ல?"

"அந்தச் சிரிப்பு?"

"ரெண்டு நாள் விட்டுட்டு முழு வீடியோவை ரசிகர் படைல போடலாம்னு இருந்தேன். சத்தியமாடா. எல்லார் வாயையும் அடைச்சிருக்கலாம், நீ ஹீரோ ஆகியிருப்பே."

"ஏன் போடல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "பார்க்கறவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருந்துதுடா. ஒவ்வொரு நாளும், இன்னைக்குப் போட்டா நின்னுடுமே, நாளைக்குப் போடலாம்னு…"

வாலு தும்மலை அடக்க முடியாமல் வராந்தாவுக்கு ஓடினான்.

"முழு வீடியோவை அழிச்சுட்டியா?"

"உன் முகம் இருக்கறதை எப்படிடா அழிப்பேன்?" என்று சொல்லி அவளே போனை நீட்டினாள்.

பூட்டு அங்கேயே நின்று பார்த்தான். இசை இல்லாத, வெட்டாத வீடியோ. முதல் பாதி. பந்து எங்கோ தூரத்தில். மிக அருகில், போனுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல்: "டேய் தம்பி, இங்க பாருடா!" அவன் திரும்புகிறான். யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் சிரிக்கிறான்.

அவளுக்காகச் சிரித்த சிரிப்பு. வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் ஆட்டத்துக்கு நடுவில் அவன் திரும்பியிருக்க மாட்டான். அதைத்தான் நறுக்கி எடுத்து ஊருக்குப் போட்டிருக்கிறாள். எதிரணிக்காரன் செய்திருந்தால் பூட்டு பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பான். இது நெஞ்சுக்கு நடுவில் வாங்கிய அடி.

அடுத்தது கடைசி உதை. பந்து உள்ளே போகிறது. அவன் குப்புற விழுகிறான். தோள்கள் குலுங்குகின்றன. கேமரா அசையவில்லை. எடுத்தவளின் கை நடுங்கவே இல்லை. மறுபடியும் அந்தக் குரல், ரொம்பத் தணிவாக, தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல: "எழுந்திருச்சுடாதே… அப்படியே இரு… முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புடா…"

பூட்டு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அக்கா ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

"காட்டுடா, கண்டிப்பா காட்டு. ஆனா சத்தத்தை எடுத்துட்டுக் காட்டு, என்ன? நான்தான்னு தெரிஞ்சா பக்கத்தை மூட வெச்சுடுவாங்க. ரெண்டு வருஷ உழைப்புடா, எல்லாம் போயிடும்."

தடை விழுந்தால் அவனுக்கு என்னென்ன போகும் என்று அவள் ஒரு வார்த்தை கேட்பாள் என்று கடைசி நொடி வரை எதிர்பார்த்தான். கேட்கவில்லை. அவன் கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினான்.

விசாரணை அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மேடம் கேப்டன் பட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு போனை மேசை நடுவில் வைத்து, "சத்தத்தோட போடணுமா?" என்று பூட்டிடம் மட்டும் கேட்கிற மாதிரி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"முழு சத்தமும் வைங்க" என்றான் பூட்டு.

வீடியோ ஓடி முடிந்தது. மூவரில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவர் போனை அவன் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லப்பா. இன்னைக்கே அறிக்கை குடுத்துடறோம். நாளைலேருந்து நீ பயிற்சிக்குப் போகலாம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா அறிக்கைல எழுதணும்… இதுல பேசறது யாரு? உனக்கு என்ன உறவு?" என்றார்.

பூட்டு போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவன் பக்கத்தில் மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

"உறவெல்லாம் இல்ல சார்" என்றான் பூட்டு. "என்னை வெச்சு ரெண்டு பக்கம் நடத்தறாங்க. அதோட அட்மின்."